அது பாட்டுக்கு

தனபால் காலால் பிறந்தவன். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததில் அவனுடைய அம்மா காளியாத்தாள் செத்துப் பிழைத்தாள். ஆனால் அந்தக் காலுக்குப் பிற்பாடு கிடைத்த மரியாதை அந்த ஊரில் வேறு எவன் தலைக்கும் கிடைத்ததில்லை. குறுக்குப் பிடித்துக்கொண்டால், காலால் பிறந்தவன் மூன்று மிதி மிதிக்கப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு இன்றைக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை. விடிந்தும் விடியாமலும் யாராவது ஒருவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவனுடைய கோழிப்பண்ணை கேட்டில் வந்து நிற்பார்கள். தனபால் வாயில் பிரஷ்ஷோடு வந்து, அவர்களைக் கிழக்கே தலை வைத்துக் குப்புறப் படுக்கச் சொல்லி, வலது குதிகாலால் மூன்று மிதி மிதித்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விடுவான். வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது, சும்மா விட்டாலே தானாகச் சரியாகிவிடுகிற வலிதான். பெயர் மட்டும் காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் மனைவி பிரவீனாவுக்குக் கல்யாணமான புதிதில் இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ராசிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், பன்னிரண்டாவது வரை படித்தவள். அப்புறம் வருஷக்கணக்கில் அதே வீட்டில் இருந்து பார்த்ததில் சிரிப்புப் போய்விட்டது. நம்பிக்கை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நொண்டிக்கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து நடந்து போனதை அவளும் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகு என்ன பேசுவது என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கே குறுக்கு வலி ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முட்டை எடுக்கவும் தீவனம் அள்ளவும் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற வேலை. வலிக்குப் பெயர் வைப்பதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளே கிடையாது. காளியாத்தாள் வாயு என்றாள். முட்டை ஏற்ற வரும் லாரி டிரைவர் சூடு என்றார். பக்கத்துத் தோட்டத்துச் சித்ரா, பிள்ளைப்பேற்றின்போது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று அடித்துச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் பெயர் எதுவும் வைக்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்தார். வலி வருவதும் போவதுமாக இருந்தது. கோழிக்கு வேளாவேளைக்குத் தீவனம் போட்டாக வேண்டும், அதற்கு எவள் குறுக்கு வலித்தால் என்ன?

ஆவணியில், பண்ணையிலேயே தங்கி வேலை பார்த்த ஒடிசாக்காரத் தம்பதி தங்கள் ஊருக்குப் புறப்பட்டுப் போனார்கள். கொட்டகை போட்ட இரண்டு செட்டுக் கோழிக்கும் புருஷனும் பெண்டாட்டியும்தான் ஆள் என்றாயிற்று. ஒரு நாள் காலையில் தீவன மூட்டையை இழுத்துத் தூக்கித் தள்ளுவண்டியில் போடும்போது பிரவீனாவின் குறுக்குக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. மூட்டை ஒரு பக்கம் விழுந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். வலி இரண்டு தொடைக்கும் பின்னால் இறங்கிக் கெண்டைக்கால் வரை ஓடியது. அதுவரைக்கும் அவளுக்கு வந்ததெல்லாம் ஒரு காலோடு நின்றுபோன வலி. இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் இறங்கியது இதுதான் முதல் தடவை. அது லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாத சேதி என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தனபால் அவளை மிதித்தான். ஊருக்கெல்லாம் மிதித்தவன், சொந்தப் பெண்டாட்டி முதுகில் கால் வைக்க ரொம்பத் தயங்கினான். டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். காளியாத்தாளுக்குத்தான் அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஊர்ச் சனத்துக்கெல்லாம் செய்கிறவன் வீட்டில் இருப்பவளுக்குச் செய்யாமல் டாக்டரிடம் கூட்டிப்போனால் நாளைக்கு எவன் இவன் காலை நம்புவான் என்று கேட்டாள். அவன் பயந்து பயந்துதான் மிதித்தான். மூன்றாவது மிதியில் பிரவீனாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானத்துக்குள் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. காளியாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சித்ராவிடம் ஒரு மணி நேரம் பேசினாள். வலி குறைந்தது என்னவோ நிஜம். வலியை எடுத்துச் சொல்ல வேண்டிய நரம்பே நசுங்கிக் கிடந்தால் வலி எங்கிருந்து தெரியும்? அந்த வீட்டில் அன்றைக்கு அதை யோசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

சாயங்காலம் நாற்காலியில் உட்காரும்போது பிரவீனாவுக்கு அடியில் தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்து பார்த்தாள், தலையணை எதுவும் இல்லை. வெகு நேரம் படுத்திருந்ததில் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் குளிக்கும்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. கழுவுகிற கைக்கு உடம்பு தெரிந்தது. உடம்புக்குக் கை தெரியவில்லை. தண்ணீர் சூடா பச்சையா என்றும் தெரியவில்லை. இரண்டு தொடைகளின் உள்பக்கமும், உட்காரும் இடமும், முன்னாலும், எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தன.

இதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது? கை மரத்துவிட்டது, கால் மரத்துவிட்டது என்று பெண்பிள்ளை பஸ்ஸில் நின்றுகொண்டுகூடச் சொல்லலாம். அந்த இடத்துக்கு நம் ஊரில் புழங்குகிற சொல்லெல்லாம் சண்டையில் வாயிலிருந்து வருகிற சொல். பிள்ளை பெற்று, விடுதியில் தங்கிப் படிக்கிற அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக்கு இடம் தேடுகிற வயதிலும் பிரவீனா அதைப் பெயர் சொல்லிப் பேசியது கிடையாது. புருஷனிடம்கூடக் கிடையாது. இப்படி ஒரு வெட்கத்தைப் பெண்களுக்குப் பழக்கி வைத்த புண்ணியவான் யாரோ, அவன் நாசமாய்ப் போகட்டும்.

அன்றைக்குப் பகல் முழுக்க அவளுக்கு ஒன்றுக்கு வரவில்லை. வர வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. மத்தியானம்தான் அது நினைவுக்கு வந்து போய் உட்கார்ந்து பார்த்தாள், முக்கிப் பார்த்தாள், சொட்டுக்கூட இறங்கவில்லை. மாமியாரிடம் இதை மட்டும் சொன்னாள். இது சொல்லக்கூடியது, இதற்கு ஊரில் மருந்து இருக்கிறது.

"அது சூடுதான் அம்மிணி. செட்டுக்குள்ளயே வெந்துட்டுக் கெடந்தா வேறெப்படி இருக்கும்?" என்று காளியாத்தாள் அவள் இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினாள். நீர்க்கடுப்புக்கு அந்தப் பக்கத்தில் முதல் வைத்தியம் அது. மோரும் இளநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். மருமகளிடம் பிரியம் இல்லாதவள் என்று காளியாத்தாளைச் சொல்ல முடியாது. நிரம்பிக் கிடந்த நீர்ப்பைக்குள் அவள் மேலும் மேலும் ஊற்றினாள், அவ்வளவும் பிரியத்தோடு.

பொழுது சாய்கிற நேரத்தில் பிரவீனாவின் சேலை நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று அவளுக்குத் தெரியாது. எழுந்தாலும் வந்தது, இருமினாலும் வந்தது, சும்மா படுத்திருக்கும்போதும் கசிந்தது. வருவது தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அவள் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, மாதவிலக்குக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டாள். அதை மாமியார் பார்த்துவிட்டாள். பார்த்ததும் பிரவீனாவின் வாயில் ஒரு பொய் தயாராக வந்தது. தான் தூரமாகிவிட்டதாகச் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தை அவளைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. காளியாத்தாள் தனிப் பாயும் தனிப் போர்வையும் கொடுத்தாள். சாமி படம் இருக்கும் பக்கம் வராமல் ஓரத்து அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் பாயை யாரும் தொடப்போவதில்லை, துணியை யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. பிரவீனாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

செட்டை மூடிவிட்டு வந்த தனபால் நிலைக்கு வெளியே நின்றபடி, ஒன்றுக்குப் போயிற்றா என்று கேட்டான். பிரவீனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். தன் கையில் இல்லை, தன்னைக் கேட்காமல் போகிறது என்பதை அவளுக்குத் தெரிந்த நாகரிகத்தில் சொன்னாள்.

"அது பாட்டுக்குப் போகுதுங்க."

நம்முடைய பேச்சில் இது ஒரு பொல்லாத வார்த்தை. ஒரு தொந்தரவும் இல்லாமல் ஒழுங்காக நடக்கிற காரியத்தையும் அது பாட்டுக்கு நடக்கிறது என்போம். யார் பேச்சுக்கும் அடங்காமல் தறிகெட்டுப் போகிறதையும் அது பாட்டுக்குப் போகிறது என்போம். பிரவீனா சொன்னது இரண்டாவது. தனபால் காதில் விழுந்தது முதலாவது. சுண்ணாம்பு வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவன் சாப்பிடப் போனான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்குமோ என்னவோ.

கால் வலி முழுசாக விடவில்லை என்பதால் மறுநாள் அவளை டவுனுக்கு எலும்பு டாக்டரிடம் காரில் கூட்டிப்போனான். நல்ல கூட்டம். டாக்டர் அவளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னார். கீழேயும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாம் என்றார். தனபால் குரலைத் தாழ்த்தி, அவள் தூரம் என்றான். டாக்டர் எடுத்த கையுறையைத் திரும்ப வைத்துவிட்டார். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணுக்கெல்லாம் எப்படிம்மா, போகுதா?"

கேட்டது அவளைத்தான். ஆனால் டாக்டர் முன்னால் பெண்டாட்டிக்குப் புருஷன் பதில் சொல்வதுதான் நம் வழக்கம், அவளுக்கு வாய் இருப்பதே ஞாபகம் வராது. தனபால் சொன்னான்.

"அது பாட்டுக்குப் போகுதுங்க டாக்டர்."

பிரவீனா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி அதைக் கேட்டாள். அவள் சொன்ன வார்த்தைதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவன் வாயில் அது வேறாக ஒலித்தது. தப்பு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் தூரம் என்று சொன்னதும் பொய்யாகும். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதற்குள் டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். வலிக்கு ஊசி, மாத்திரை, இடுப்புக்கு ஒரு பெல்ட், படுக்கையில் ஓய்வு. குறையாவிட்டால் ஸ்கேன் பார்க்கலாம் என்றார். நல்ல மனுஷர்தான். அவருக்குக் கிடைத்த பதிலுக்கு அந்த மருந்து போதும்.

காரில் திரும்பும்போது பிரவீனா தனக்கு அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்கு சீட் சுடுகிறது என்று அவனிடம் சொன்னாள்.

அதற்கடுத்த காலை அவள் கொல்லைப்புறத்திலிருந்து வீட்டுக்குள் வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. பாதிவழியிலேயே கழன்று கிடந்தது. கழன்றதும் தெரியாமல், கருவேல முள் கிடக்கிற பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். பாதத்தைத் தூக்க நினைத்தால் விரல்கள் தரையைத் தேய்த்தன. பின்னால் செருப்பை எடுத்துக்கொண்டு வந்த தனபால் அவள் காலைப் பார்த்தான், சிமெண்டுத் தரையில் கோடாக வந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். காரை எடுத்தான். எங்கே போகிறாய் என்று காளியாத்தாள் கேட்டதற்குச் சேலத்துக்கு என்று மட்டும் சொன்னான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவள் சின்ன வயது டாக்டர். பெயர் இலக்கியா. வந்தவுடன் அவள் செய்த முதல் வேலை, தனபாலை வெளியே அனுப்பியது. இரண்டாவது வேலை, நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. கால் வலியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"அக்கா, கழுவும்போது உங்க கை உங்க மேல படறது தெரியுதா?"

பிரவீனா அவள் முகத்தையே பார்த்தாள். யாரும் கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாளாக அவள் காத்துக் கிடந்த கேள்வி அது, வார்த்தைக்கு வார்த்தை அதேதான். தெரியவில்லை என்று தலையாட்டினாள். ஒன்றுக்கு வருகிறது என்று முன்கூட்டித் தெரிகிறதா, நிறுத்த நினைத்தால் நிற்கிறதா என்று டாக்டர் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பிரவீனா அழ ஆரம்பித்தாள். தூரமெல்லாம் இல்லை, பொய் சொன்னேன் என்றும் சொன்னாள். இலக்கியா திட்டவில்லை. தொட்டுப் பார்த்தாள், குண்டூசி முனையால் குத்திப் பார்த்தாள். எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டாள். அடிவயிற்றில் கை வைத்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சிறுநீர் எடுக்கக் குழாய் போட்டார்கள். பை நிறைந்தது, மாற்றிய பையும் நிறைந்தது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். இலக்கியா தனபாலைக் கூப்பிட்டு, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு மொத்தமாகப் பிதுங்கி வந்து, கீழே இறங்குகிற நரம்புக் கத்தையை நசுக்கிக்கொண்டிருப்பதைப் படத்தில் காட்டினாள். கால், ஒன்றுக்கு, இரண்டுக்கு, புருஷன் பெண்டாட்டி உறவு எல்லாம் அந்த நரம்புகளின் கையில்தான் இருக்கிறது என்றாள். இதற்கான ஆபரேஷனை நாள் பார்த்துச் செய்ய முடியாது, மரத்துப்போன உடனே செய்தால்தான் திரும்ப வரும், இவர்கள் வந்திருப்பது தாமதம் என்று ஒளிக்காமல் சொன்னாள். பெரிய டாக்டர் ஏற்கனவே ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார்.

தனபால் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் மிதிச்சதுனாலீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. மூட்டை தூக்கும்போதே வந்திருக்கலாம். மிதிச்சிருக்கக் கூடாது, இனி யாரையும் மிதிக்காதீங்க. ஆனா மிதிச்சதுக்கு அப்புறமும் நேரம் இருந்தது."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் முன் அவனைப் பிரவீனாவிடம் விட்டார்கள். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான். கோபமாகத்தான் கேட்டான், பயந்தவனுக்கு வேறெப்படிக் கேட்க வரும்?

"சொன்னனேங்க."

"அது பாட்டுக்குப் போகுதுன்னுதான புள்ள சொன்ன?"

"அதைத்தாங்க சொன்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். அந்த வார்த்தைக்குள் இன்னொரு அர்த்தம் இருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. டாக்டரிடம் தன் வாயாலேயே அதைச் சொல்லிவிட்டு வந்ததும் சேர்த்து நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்திருந்த அவன் கையை வார்டுபாய்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வலி முழுசாகப் போய்விட்டது. ஒரு வாரத்தில் அவளை நிற்க வைத்தார்கள். வலது பாதம் இன்னும் தொங்கியது, அதற்கு ஒரு பட்டை மாட்டிக் கைத்தடி பிடித்து வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் நடையைப் பார்த்துவிட்டு, பயந்த அளவுக்கு இல்லை, கடவுள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நடை கண்ணுக்குத் தெரிகிற விஷயம். பிரவீனாவின் கவலை அதுவல்ல. கட்டிலுக்குக் கீழே கொக்கியில் தொங்கிய பையை அவள் ஒவ்வொரு தடவையும் சேலைத் தலைப்பால் மூடி வைத்தாள். வேண்டுமானால் கால் இப்படியே போகட்டும், இது மட்டும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று தனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயை எடுத்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

குழாயை எடுத்த காலையில் தனபால் குளித்துத் திருநீறு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஜோதி என்கிற நர்ஸ் குழாயை உருவிவிட்டு, தண்ணீரை நிறையக் குடிக்கச் சொன்னாள். உணர்ச்சி தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்றாள். பிரவீனா குடித்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தன் உடம்புக்குள் காது கொடுத்துக் கேட்டபடி இருந்தாள். தனபால் தெரிகிறதா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. தண்ணீர்ப் பாட்டில் காலியானதும் போய் இன்னொன்று வாங்கி வந்தான். ஊரிலிருந்து காளியாத்தாள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

உச்சிப்பொழுதில் அவளுக்கு அடிவயிற்றில் ஒரு கனம் தட்டுப்பட்டது. கனமா, வெறும் ஆசையா என்று சொல்ல முடியாத அளவுக்கு லேசாக இருந்தது. ஆனால் ஏதோ இருந்தது. ஜோதியைக் கூப்பிட்டாள். இருவருமாகக் கழிப்பறைக்குப் போனார்கள். பிரவீனா உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து, கையால் அடிவயிற்றை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அது தெரியவில்லை, காதில்தான் கேட்டது. கேட்டாலும் போதும் என்றிருந்தது. ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த தனபாலுக்கும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

"சந்தோஷம்தான்க்கா. ஆனா உள்ள எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு பாத்துரணும்" என்றாள் ஜோதி.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு அவளைப் படுக்க வைத்தாள். மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமுனையை அளவுக் குடுவைக்குள் விட்டாள். பிரவீனா தலையைத் தூக்கி அதையே பார்த்தாள். நின்றுவிடும் என்று பார்த்தாள், நிற்கவில்லை. குடுவை பாதி நிறைந்தது, பாதிக்கு மேலும் ஏறியது. ஜோதியின் முகத்தில் சிரிப்பு மெதுவாக வடிந்து, வேலை செய்கிறவளின் முகம் மட்டும் மிஞ்சியது.

"பை ரொம்பி, தாங்காம வெளிய வந்ததுக்கா அது. நீங்க போகல" என்று குழாயை எடுத்தபடியே சொன்னாள். டாக்டரிடம் சொல்வதாகவும், தினமும் வேளைக்கு வேளை தானே குழாய் போட்டு எடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுப்பதாகவும் சொன்னாள். கொஞ்ச நாளைக்கா, எப்போதைக்குமா என்று பிரவீனா கேட்டாள். இவ்வளவு தாமதமாக வந்தவர்களில் ரொம்பப் பேருக்குத் திரும்ப வருவதில்லை என்று ஜோதி சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பெண்ணாக இருந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் தனபால் போனில் பேசிக்கொண்டிருந்தான். இத்தனை நாளில் அவன் குரல் இவ்வளவு உரக்க வந்ததில்லை. நல்லபடியாக இறங்கிவிட்டது, காதாலேயே கேட்டேன், இனிப் பயமில்லை, கோயிலுக்குச் சொல்லிவிடு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்காரர்களும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். ஓர் அம்மாள் நல்ல காலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிரவீனா சேலையைச் சரிசெய்துகொண்டு கைத்தடியை ஊன்றி எழுந்தாள். திரையை விலக்கினாள். வார்டு முழுக்க ஆட்கள். நோயாளிகளும், அவர்களைப் பார்க்க வந்த ஆண்களும், சாப்பாட்டுத் தட்டோடு நின்றவர்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தனபால் சிரித்த முகத்தோடு போனை அவளிடம் நீட்டினான், அம்மா பேச வேண்டுமாம் என்றான். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"நல்லாப் போகுதா சாமி?" என்றாள் மறுமுனையில் காளியாத்தாள்.

"இல்லீங்கத்தை," என்றாள் பிரவீனா. குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "நான் போகல. மூத்திரப்பை ரொம்பி, தாங்காம வழிஞ்சது. எனக்குக் கீழ உணர்ச்சியே இல்லீங்க. குழாய் போட்டுத்தான் எடுக்கோணுமாம், இனி எப்பவும்."

தனபால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் ஒருமுறை சொன்னதிலேயே இந்தத் தடவை எல்லோருக்கும் விளங்கிவிட்டது.